ஒழுங்கை முனையில் ஒரு குறிப்பு: யாழ்ப்பாணத்துக்கு ஏஆர் சமூகச் செயலி வடிவமைப்பது பற்றி

தெருத்தெருவாக நடந்து போனில் உருவங்களைப் பிடிக்கும் பொக்கிமோன் கோ என்ற விளையாட்டு 2016 யூலையில் வெளிவந்த சில நாட்களிலேயே பொஸ்னியாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் புதைத்த கண்ணிவெடிகள் அங்கே இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. விளையாடுபவர்கள் போனைப் பார்த்தபடி அபாயப் பகுதிகளுக்குள் போய்விடுகிறார்கள், எச்சரிக்கைப் பலகைகளைக் கவனியுங்கள் என்று அங்குள்ள ஒரு தொண்டமைப்பு கேட்டுக்கொண்டது. உலகப் பத்திரிகைகளுக்கு அது ஒருநாள் வியப்புச் செய்தி. முகமாலைப் பக்கம் சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகைகளைக் கடந்து பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை. செயலியின் வரைபடத்தில் நிலம் எங்கும் ஒரே நிறம்தான். காலடியில் இருக்கும் நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு, ஒரு சொந்தக்காரரும் உண்டு.

கமராவில் தெரியும் தெருவின் மேல் எழுத்தையோ படத்தையோ குரலையோ ஒட்டிவைத்து, அதே இடத்துக்கு வருகிற மற்றவர்களும் அதைப் பார்க்கும்படி செய்வதுதான் ஏஆர் (augmented reality, மிகை மெய்ம்மை) சமூகச் செயலி. யாழ்ப்பாணத்துக்கென்று இப்படியொன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இங்குள்ள மென்பொருள் பெடியளிடம் இருக்கிறது. நல்ல ஆசை. யாழ் ஐடி ஹப் போன்ற முயற்சிகளால் செயலி எழுதத் தெரிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் இது பற்றிய பேச்சு பெரும்பாலும் கமராவில் தொடங்கிக் கமராவிலேயே முடிந்துவிடுகிறது: கோட்டைக்கு மேல் ஒல்லாந்தர் கப்பல் மிதக்கும், நூலகத்துக்கு முன்னால் பழைய கட்டடம் எழும் என்று. அதற்கான கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. யார், எந்த இடத்தில், எதை வைக்கலாம்? அதை யார் பார்க்கலாம்? அது எவ்வளவு காலம் அங்கே இருக்கும்? யாழ்ப்பாணம் மாதிரியான ஓர் ஊரில் செயலியின் தலையெழுத்து இந்த மூன்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் பலவீனங்களும் வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன. போன் மூன்று விஷயங்களை அறிய வேண்டும்: தான் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, முன்னால் இருப்பது என்ன. முதலாவதுக்கு ஜிபிஎஸ். இரண்டாவதுக்குத் திசைகாட்டி உணரி. 2009இல் ஆம்ஸ்ரடாமிலிருந்து வந்த லேயார் என்ற செயலி இந்த இரண்டையும் வைத்தே ஓடியது, அதனால் அதன் பெயர்ப்பலகைகள் காற்றில் மிதந்து அலைந்தன. மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் 2017இல் கிடைத்தது. அப்பிள் யூன் மாதம் ஏஆர்கிட்டையும், கூகுள் ஓகஸ்ட் மாதம் ஏஆர்கோரையும் அறிவித்தன, இரண்டும் ஏஆர் செயலி எழுதுவோருக்கான மென்பொருள் கருவிகள். இவை கமராவில் தெரியும் மூலைகளையும் புள்ளிகளையும் பிடித்து, அவை நொடிக்கு நொடி எப்படி நகர்கின்றன என்று பார்த்து, போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகளின் கணக்கோடு சேர்த்து, போன் எவ்வளவு நகர்ந்தது, முன்னால் மேசையோ தரையோ எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். அதனால்தான் மேசைமேல் வைத்த பொம்மை இப்போது மேசையிலேயே நிற்கிறது.

மேசை சரி, தெரு? யாழ். பொது நூலக வாசலுக்கு எதிரே நின்று போனை உயர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனின் ஜிபிஎஸ் ஐந்து மீற்றர் அளவுக்குப் பிசகும். மரத்தடியிலும் கட்டட ஓரத்திலும் இன்னும் கூட. அருகே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் அந்த இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். திசை 15 பாகை பிசகினாலே, 50 மீற்றர் தூரத்தில் இருக்க வேண்டிய எழுத்து 13 மீற்றர் தள்ளிப்போய் நிற்கும். 1981இல் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி நீங்கள் கட்டடத்தின் நெற்றியில் வைத்த குறிப்பு, மதிலோர வேம்பின் உச்சியில் தொங்கும்.

இதைச் சரிசெய்யக் கூகுள் 2022இல் ஒரு வழியைத் திறந்துவிட்டது. ஸ்ட்ரீட் வியூ வண்டிகள் எடுத்த படங்களிலிருந்து தெருவின் முப்பரிமாண அடையாளங்களைச் சேர்த்துவைத்து, உங்கள் கமரா பார்ப்பதை அதோடு ஒப்பிட்டு, நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் கணிக்கும் முறை அது. பெரிய றோட்டுகளில் இது பேருதவி. யாழ்ப்பாணமோ ஒழுங்கைகளின் ஊர். படம் எடுக்கும் வண்டி நுழையாத ஒழுங்கையில் செயலி பழையபடி ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டியதுதான். நுழைந்த இடத்திலும் கிடுகு வேலி தகரமாகி, தகரம் மதிலாகி, மதிலுக்குப் பின்னால் மாடி எழும் வேகத்துக்குப் பழைய படங்கள் ஈடுகொடுக்க மாட்டா.

கோயில் மதிலையும் எண்ணிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக வரிசையாகப் பட்டை தீட்டிய நீண்ட மதில். மனிதக் கண்ணுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கமரா வழியாக இடம் தேடும் மென்பொருளுக்கோ அது பெரிய தலையிடி. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் வித்தியாசம் தெரியாததால், மதிலின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதில் அது எளிதாக ஏமாறும். மறுகோடியில் வெறும் மணலும் வெள்ளைச் சுவரும்: பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை. காற்றில் ஆடும் பனையோலையில் புள்ளிகள் ஏராளம், ஆனால் ஒன்றும் ஓரிடத்தில் நிற்காது. இதோடு நண்பகல் வெயிலையும் சேருங்கள். கமராவும் ஜிபிஎஸ்ஸும் திரையும் ஒன்றாக ஓடும்போது போன் சுடும், பற்றரி இறங்கும், திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

ஆகவே கமராவை முதல் திரையாக வைக்கும் செயலி இங்கே தோற்றுப்போகும். முதலில் வருவது சாதாரண வரைபடமாக இருக்கட்டும். ‘அருகில் மூன்று குறிப்புகள் உண்டு’ என்று அது சொன்னால் போதும். குறிப்பு குரலாக இருந்தால் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். கமரா தேவைப்படுவது அந்த இடத்துக்குப் போய் நின்ற பிறகு, அதுவும் அரை நிமிடத்துக்கு. பழைய படத்தை இன்றைய தெருவோடு பொருத்திப் பார்க்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் ஏஆர். ஏஆர்கோர் ஓடாத மலிவான அன்ட்ரொய்ட் போன்கள் இங்கே நிறையப் பேரின் கையில் இருக்கின்றன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதுப் போன் வாங்குவது பலருக்குச் சின்னக் காரியமும் இல்லை. அந்தப் போன்களுக்குச் செயலியின் கதவைச் சாத்தக் கூடாது. கமராப் பகுதி இல்லாமலும் மிச்சமெல்லாம் ஓட வேண்டும்.

அடுத்தது ஆக்கள். எந்தச் சமூகச் செயலிக்கும் முதல் எதிரி வெறுமை. திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை என்றால் இரண்டாம் முறை யாரும் திறக்கமாட்டார்கள். இடத்தோடு கட்டுண்ட செயலிக்கு இது இன்னும் கடுமை, ஏனென்றால் ஆயிரம் குறிப்புகள் இருந்தாலும் குடாநாடு முழுக்கச் சிதறிக் கிடந்தால் எந்த இடத்திலும் ஒன்றும் இராது. பொக்கிமோன் கோவால் வெளியான நாடுகளில் முதல் நாளே நிறைந்து நிற்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் செய்த நயான்ரிக் நிறுவனம் அதற்கு முன் இன்கிறெஸ் என்ற விளையாட்டை நடத்தி, சிலைகள், கோயில்கள், நினைவுத்தூண்கள் என்று விளையாடியவர்களே அனுப்பிவைத்த இடங்களைப் பல வருடங்களாகச் சேர்த்துவைத்திருந்தது. நமக்கு அப்படியொரு கையிருப்பு இல்லை. ஆனால் சிறிதாகத் தொடங்கலாம். கோட்டை, நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பஸ் நிலையம், பெரியகடை: நடந்தே சுற்றக்கூடிய இந்த வட்டத்தை நன்றாக நிரப்பினால் போதும். ‘நூலகம்’ என்ற பெயருடைய மின்னூலக நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூல்களிலும் பத்திரிகைகளிலும் இந்த வட்டத்தைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. உரிய அனுமதியோடு அதிலிருந்து தொடங்கலாம்.

நல்லூர்த் திருவிழாவில் தொடங்கலாமே, 25 நாள் கூட்டம் தானாகக் கிடைக்குமே என்று யாரும் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்ட நெரிசலில் கமரா வழியாக இடம் கணிப்பது திணறும், வலையமைப்பும் திணறும். அதைவிட முக்கியம், கோயிலுக்குள் படம் எடுக்க விடுவதில்லை. மேற்சட்டையைக் கழற்றி, போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கும்பிட வருகிறவர்களின் இடம் அது. அங்கே போனை உயர்த்தச் சொல்லும் செயலி ஊரைப் புரிந்துகொள்ளாத செயலி. 2016இல் வொஷிங்டனில் உள்ள யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகம் தன் வளாகத்துக்குள் பொக்கிமோன் விளையாட வேண்டாம் என்று கேட்க வேண்டி வந்தது. ஹிரோஷிமாவும் தன் அமைதிப் பூங்காவை விளையாட்டிலிருந்து நீக்கச் சொன்னது. நம் செயலி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மயானம், துயிலுமில்லம், இராணுவ முகாம், கண்ணிவெடி அகற்றும் பகுதி ஆகியவற்றின் உட்புறத்தை முதல் நாளிலேயே வரைபடத்தில் மூடிவைக்க வேண்டும்.

இனி யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு விஷயம். வழக்கமான ஏஆர் செயலி, பயன்படுத்துபவர் அந்த இடத்தில் நிற்கிறார் என்ற அனுமானத்தில் செய்யப்பட்டது. இங்கே ஒரு தெருவைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அந்தத் தெருவில் இல்லை. அவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ லண்டனிலோ இருக்கிறார். அந்தத் தெருவில் இப்போது நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. ஞாபகம் ஒரு நாட்டில், கால்கள் இன்னொரு நாட்டில். இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் இந்தச் செயலி செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன்.

நடைமுறையில் அது இப்படி இருக்கலாம். ஸ்காபரோவில் இருக்கும் ஓர் அம்மா வரைபடத்தில் ஒரு சந்தியைத் தொட்டு, இங்கே ஒரு பொதுக் கிணறும் சுமைதாங்கியும் இருந்தன, இன்னும் இருக்கின்றனவா என்று கேட்கிறார். கேள்வி அந்தச் சந்தியில் போய்க் குந்திக்கொள்கிறது. அந்தப் பக்கம் போகும் ஒருவருக்கு அது தெரிகிறது. அவர் சைக்கிளை நிறுத்தி ஒரு படம் எடுக்கிறார், கிணற்றுக்குக் கம்பிவலை போட்டிருக்கிறது, சுமைதாங்கி றோட்டு அகலிப்பில் போய்விட்டது என்று குரலில் சொல்கிறார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, மாமரத்தடியில் தட்டிவான் நின்று ஆக்களை ஏற்றிய கதையைத் தன் குரலில் அதே இடத்தில் விட்டுப்போகிறார். அடுத்து வரும் பிள்ளை கமராவை உயர்த்தும்போது கேள்வி, படம், கதை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. இங்கே நண்பர் பட்டியல் தேவைப்படவில்லை. இந்த அம்மாவுக்கும் அந்த சைக்கிள்காரருக்கும் உறவாக இருப்பது ஒரு சந்தி.

இதே வழி ஆபத்துக்கும் திறந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. கேள்வி சந்தியைப் பற்றி இருக்கும்வரை சரி. ‘எங்கள் வளவில் இப்போது யார் இருக்கினம், கேற் பூட்டியிருக்கா, பத்தை வெட்டியிருக்கா’ என்று கேள்வி வந்தால்? ஆள் இல்லாத வீடு எது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்ததாகிவிடும். பாதிக் காணிக்கு வழக்கு, மீதிக் காணிக்கு உறுதி தொலைந்த கதை என்று இருக்கும் இடத்தில், ஒரு படலையின் படம்கூடச் சண்டைக்கு வித்தாகும். அமெரிக்காவில் வீட்டுச் சொந்தக்காரர்கள் நயான்ரிக் மேல் போட்ட வழக்கு 2019இல் சமரசமாக முடிந்தபோது, தனிவீட்டிலிருந்து 40 மீற்றருக்குள் இருக்கும் விளையாட்டுப் புள்ளியைச் சொந்தக்காரர் கேட்டால் நீக்குவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. நமக்கு 40 மீற்றர் சரிவராது, இங்கே அந்தத் தூரத்துக்குள் நாலு வீடு இருக்கும். தலைகீழாக யோசிக்க வேண்டும்: சந்தி, குளம், சந்தை, வாசிகசாலை, பாடசாலை மதில், ஸ்ரேசன் போன்ற பொது இடங்களில் மட்டும் குறிப்பு வைக்கலாம். தனியார் வளவு, சொந்தக்காரர் கேட்காமலே மூடியிருக்கும்.

ஆட்களின் இருப்பிடத்தைக் காட்டுவதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 2012இல் ‘கேர்ள்ஸ் அரவுண்ட் மீ’ என்றொரு செயலி, பெண்கள் போஸ்குவேரில் தாங்களே பதிந்த இடங்களையும் பேஸ்புக் படங்களையும் சேர்த்து, அருகில் எந்தப் பெண் இருக்கிறாள் என்று வரைபடத்தில் காட்டியது. போஸ்குவேர் அதன் இணைப்பைத் துண்டித்த பின்னரே அது நின்றது. 2014இல் துணை தேடும் செயலியான ரின்டரில் ஒரு ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தூரம் எவ்வளவு என்று மட்டுமே செயலி சொன்னாலும், மூன்று இடங்களிலிருந்து அந்தத் தூரத்தை எடுத்து வட்டம் கீறினால் ஆள் நிற்கும் புள்ளி கிடைத்துவிடும். 2018 தொடக்கத்தில் ஸ்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலியின் வரைபடம், பெயர் ஒன்றும் இல்லாமலேயே, இராணுவத் தளங்களின் உள்வீதிகளை வெளிச்சம்போட்டுக் காட்டியது. முகாம்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் வடக்கில், இப்படியொரு வரைபடத்தை வெளியிட்ட பெடியன் யாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஒழுங்கையில் ஒரு பிள்ளை ரியூசன் முடிந்து எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போகிறாள் என்பது ஏற்கனவே தேவைக்கு அதிகமான கண்களுக்குத் தெரியும். செயலி இன்னொரு கண்ணாகக் கூடாது. ஆகவே ‘இப்போது அருகில் இருப்பவர்கள்’ என்ற பகுதியே வேண்டாம். ஒருவர் வைத்த குறிப்பு உடனே தோன்றாமல் சில மணிநேரம் கழித்து, அல்லது மறுநாள், தோன்றட்டும். குறிப்பில் திகதி இருக்கலாம், நேரம் வேண்டாம். யார் வைத்தது என்பதற்குச் சொந்தப் பெயர் கட்டாயமில்லை, ஆனால் ஒரே ஆள் ஒரே புனைபெயரில் இருக்க வேண்டும், அப்போதுதான் தொல்லை தருபவரை நிறுத்தலாம். உடனடிப் பரபரப்பு இதனால் குறையும் என்பது உண்மை. குறையட்டும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் உண்டு. தேவையில்லாத தரவைச் சேர்க்காமல் இருப்பதே அதற்கு இணங்க நடக்க மிக மலிவான வழி.

சரி, குறிப்பில் என்ன எழுதலாம் என்பது? இதுதான் எல்லாவற்றிலும் சிக்கல். கந்தரோடையின் சிறு தூபிகளுக்கு முன்னால் நில்லுங்கள். ஒரு சாரார் இது தமிழ்ப் பௌத்தத்தின் எச்சம் என்பார்கள், இன்னொரு சாரார் சிங்கள பௌத்தத்தின் எச்சம் என்பார்கள். பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் முன்னுக்கு வருவது என்பதே இந்த நாட்டில் அரசியல். சோனகத் தெருவுக்கு வாருங்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் ஞாபகங்கள் அங்கே இருக்கின்றன. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் கடை இருந்த இடத்தில் குரல் பதிய வந்தால், செயலியில் அவர்களுக்கும் அதே உரிமை இருக்க வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவு ஒரு புள்ளிக்குள் அடங்காது. அது நாவற்குழிப் பாலம் வரைக்கும் அதற்கு அப்பாலும் நீளும் ஒரு கோடு. புள்ளிகளை மட்டும் ஏற்கும் தரவுத்தளத்தில் அதற்கு இடமில்லாமல் போகும். இதை ஆரம்பத்திலேயே யோசிக்காவிட்டால் பின்னர் ஒட்டுப்போட வேண்டி வரும்.

திரையில் ஒரே ஒரு உண்மைக்கு மட்டும் இடம் வைத்தால் அந்த இடத்துக்கு அடிபிடி வரும். நியூயோர்க்கிலும் வந்தது. 2017 ஒக்ரோபரில் ஸ்னப்சற் செயலி ஜெப் கூன்ஸின் சிற்பமொன்றைச் சென்ரல் பார்க்கில் ஏஆர் உருவமாக வைத்தது. பொது வெளியை ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்வதா என்று கேட்டு, செபஸ்தியன் எறாசுறிஸ் என்ற கலைஞர் அதே சிற்பத்தைச் சுவர்க் கிறுக்கல்களோடு செய்து அதே இடத்தில் நிறுத்தினார். ஓர் இடத்தில் இரண்டு அடுக்குகள் இருக்கலாம் என்பதை அவர் அன்று செய்துகாட்டினார். நம் செயலியும் அடுக்குகளாக இருக்கலாம். ஊர்ச்சங்கம் ஓர் அடுக்கு நடத்தும், பழைய மாணவர் சங்கம் இன்னொன்று, பல்கலைக்கழக வரலாற்று மாணவர்கள் வேறொன்று. எந்த அடுக்கைப் பார்க்கிறோம், அதற்கு யார் பொறுப்பு என்பது திரையில் எப்போதும் தெரிய வேண்டும். குறிப்புகளை வாசித்து அனுமதிக்க ஆட்கள் வேண்டும், அதுவும் யாழ்ப்பாணத் தமிழில் எது வசை, எது பகிடி என்று தெரிந்த ஆட்கள். இயந்திரத்தை நம்பி இதை விட முடியாது. 2024இன் 9ஆம் இலக்க இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாட்டில், நினைவேந்தல் குறிப்பு ஒன்றை எழுதியவருக்கு என்ன பாதுகாப்பு என்பதை ஒரு சட்டத்தரணியோடு கதைத்த பிறகே அந்தப் பகுதியைத் திறக்க வேண்டும்.

கடைசியாக ஆயுள். ஏஆர் உருவத்தைப் பலர் ஒரே இடத்தில் பார்க்க, அந்த இடத்தின் அடையாளங்களை ஏதோ ஒரு சேர்வரில் வைக்க வேண்டும். கூகுள் அதைத் தன் சேர்வரில் வைத்திருக்கும், ஆனால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 365 நாட்களுக்கு. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். மைக்ரோசொப்ட் இதே சேவையை 2024 நவம்பரில் மூடிவிட்டது. பலர் உழைத்துச் செய்த ஏஆர் வேலைகள் தங்கியிருந்த ஸ்பார்க் தளத்தைப் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா 2025 ஜனவரியில் மூடியது. மைன்கிராப்ட் ஏர்த் என்ற ஏஆர் விளையாட்டு 2019இல் வந்து 2021 யூனில் போனது. விளையாட்டு போனால் போகட்டும். நூலகம் எரிந்த ஊர்க்காரர் ஒருவர் தன் தாயின் குரலை நம்மிடம் தந்தால், ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் வருடாந்தக் கணக்குப் பார்வையை நம்பி அதை வைக்க முடியாது. குரல், படம், எழுத்து, அட்சரேகை தீர்க்கரேகை, திகதி, யார் தந்தது என்ற விபரம் எல்லாம் எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரணக் கோப்புகளாக நம்மிடம் இருக்க வேண்டும், இரண்டு மூன்று நாடுகளில் படிகளும் இருக்க வேண்டும். இட விபரத்தை, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மப்பில் சேர்த்தால் அது எல்லாருக்கும் பயன்படும். கமராவில் பொருத்தும் பகுதியை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். அது நின்றுபோனால் வேறொன்றை மாட்டலாம்.

இப்படிப் பார்த்தால் முதற்பதிப்பு மிகச் சின்னது: நகர மத்தியில் நாற்பது ஐம்பது இடங்கள், வரைபடம், குரல், கேள்வி பதில், பழைய படம் இருக்கும் இடங்களில் மட்டும் கமரா. செலவும் பெரிதில்லை, இரண்டு மூன்று பேர் சில மாதங்களில் எழுதிவிடலாம். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுவதை விட, வெளிநாட்டிலிருந்து வந்த கேள்விகளில் எத்தனைக்கு யாரோ ஒருவர் நேரில் போய்ப் பதில் தந்தார் என்று எண்ண வேண்டும். அந்தப் பதில்கள் வருமானால் அடுத்த வட்டம் எது என்பதை அந்தக் கேள்விகளே சொல்லும்: ஒருவேளை பருத்தித்துறை, ஒருவேளை காங்கேசன்துறை, ஒருவேளை பல வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து இப்போது பகுதி பகுதியாக விடுபடும் பலாலிப் பக்கத்து ஊர்கள்.